வங்கி வாசல்: நான் எடுக்காத பணம், நான் வாங்காத கடன்

இந்த முறை வந்த கடிதங்களில் பல ஒரே வருத்தத்தைச் சொல்கின்றன. யாரோ என் பெயரில் எதையோ செய்துவிட்டுப் போய்விட்டார்கள், வங்கியோ என்னையே குற்றவாளியைப் போலக் கேட்கிறது என்கிறார்கள். பெயரை வெளியிட வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் எல்லோருக்கும் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். வங்கிகளின் பெயர்களையும் எடுத்துவிட்டேன். கவுன்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்தே பணிக்காலத்தைக் கழித்தவள் நான். அதனால் உங்களுக்கு என்ன சாக்குச் சொல்வார்கள் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

மேடம், என் அப்பாவுக்கு 71 வயது. ஸ்மார்ட்போன் இல்லை, ஏடிஎம் கார்டும் வாங்கவில்லை. போன வாரம் பாஸ்புக் பதிந்தபோது, முந்தைய மாதத்தில் மூன்று முறை தலா 10,000 ரூபாய் எடுக்கப்பட்டிருப்பது தெரிந்தது. கிளையில் கேட்டால், "உங்கள் அப்பாதான் கைரேகை வைத்து எடுத்திருக்கிறார், வீட்டில் விசாரியுங்கள்" என்கிறார்கள். அப்பா அந்த நாட்களில் ஊரை விட்டே போகவில்லை. ஓடிபி யாருக்கும் சொல்லவில்லை, சொல்வதற்கு ஓடிபியே வரவில்லை.
— வாசகி, தென்காசி

ஓடிபி வராது. பாஸ்புக்கில் அந்த மூன்று வரிகளை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். ஏஇபிஎஸ் (AEPS) என்ற ஆங்கில எழுத்துகளும் பக்கத்தில் 12 இலக்க எண் ஒன்றும் இருக்க வேண்டும். இது ஆதார் வழிப் பணப் பரிவர்த்தனை. மளிகைக் கடை ஓரத்தில் சிறு கருவியோடு உட்கார்ந்திருக்கும் வங்கி முகவரிடம் ஆதார் எண்ணையும் வங்கியின் பெயரையும் சொல்லி விரலை வைத்தால் பணம் கிடைத்துவிடும். கார்டு, பின் எண், கையெழுத்து எதுவும் வேண்டாம். ஏடிஎம் இல்லாத ஊர்களுக்கு இது பெரிய உதவி, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு தடவைக்கு 10,000 ரூபாய்தான் உச்சவரம்பு. அதனால்தான் உங்கள் அப்பாவின் பணம் பத்தாயிரம் பத்தாயிரமாகப் போயிருக்கிறது.

ரேகை எப்படிப் போயிருக்கும்? அப்பா அண்மையில் ஏதாவது பத்திரம் பதிந்தாரா என்று கேளுங்கள். பதிவுத் துறை இணையதளங்களில் ஏற்றப்பட்ட பத்திர நகல்களில் இருந்து ரேகையைப் பிரித்தெடுத்து, சிலிக்கோனில் போலி விரல் செய்து பணம் எடுத்த கும்பல்கள் தெலங்கானா, ஹரியானா போன்ற மாநிலங்களில் பிடிபட்டிருக்கின்றன. 2023-இல் பெங்களூருவிலும் இதே வகைப் புகார்கள் வரிசையாக வந்தன. பத்திரத்தில் ஆதார் எண்ணும் ரேகையும் ஒரே இடத்தில் இருந்தால் திருடனுக்கு வேறென்ன வேண்டும்?

இதைவிடச் சாதாரணமான வழியும் ஒன்று உண்டு. "சர்வர் வேலை செய்யவில்லை தாத்தா, இன்னொரு தடவை வையுங்கள்" என்பார் முகவர். முதல் தடவையே பணம் கழிந்திருக்கும், இரண்டாவது தடவையும் கழியும், தாத்தாவின் கைக்கு வருவது ஒரு தடவைக்கான பணம்தான். அப்பா எந்த முகவரிடமாவது போய் வந்தாரா என்றும் விசாரியுங்கள்.

இனி வங்கி விஷயம். "வீட்டில் விசாரியுங்கள்" என்று வாயால் சொன்னதை வங்கியின் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-ஆம் தேதி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளர் அனுமதி இல்லாமல் நடந்த மின்னணுப் பரிவர்த்தனையில் பொறுப்பு அவருடையது என்று நிரூபிக்க வேண்டியது வங்கியின் கடமை. தவறு வங்கியுடையதாகவும் இல்லாமல் வாடிக்கையாளருடையதாகவும் இல்லாமல் மூன்றாவது இடத்தில் நடந்திருந்தால், வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்தவருக்கு நஷ்டமே கிடையாது. நான்கு முதல் ஏழு வேலை நாட்கள் என்றால் சாதாரணச் சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சம் 10,000 ரூபாயும், அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கு 5,000 ரூபாயும் வாடிக்கையாளர் தலையில் விழும். அதற்கும் பிந்தினால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி.

ஒரு மாதம் கழித்துத்தானே பார்த்தோம் என்று சோர்ந்துவிடாதீர்கள். நாள் கணக்கு, வங்கியிடமிருந்து தகவல் கிடைத்ததிலிருந்து தொடங்குகிறது. எனவே வங்கி அப்பாவுக்கு எஸ்எம்எஸ் அனுப்பியதா, எந்த எண்ணுக்கு அனுப்பியது என்பதை முதலில் கேளுங்கள். அப்பா எழுதிக் கொடுத்த எண் ஒன்று, கணினியில் ஏறியிருப்பது இன்னொன்று என்று இருந்தால் உங்கள் பக்கம் வலுவாகிவிடும்.

ஒரு வெள்ளைத் தாளில் கடிதம் எழுதுங்கள். மூன்று பரிவர்த்தனைகளின் தேதி, அந்த 12 இலக்க எண், தொகை ஆகியவற்றைக் குறிப்பிட்டு, பணம் எடுக்கப்பட்ட நேரம், முகவரின் பெயர், ஊர், கருவியின் எண், எந்த வங்கியின் முகவர் என்ற விவரங்களைக் கேளுங்கள். அப்பா தென்காசியில் இருந்த நாளில் கருவி வேறு மாநிலத்தில் இருந்தது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. கடிதத்தின் நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் கிளையை விட்டு வெளியே வராதீர்கள். "மேனேஜர் இல்லை, நாளை வாருங்கள்" என்றால் சண்டை வேண்டாம், அன்றே ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். புகார் பதிவான 10 வேலை நாட்களுக்குள் தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும், 90 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று அதே சுற்றறிக்கை சொல்கிறது. 30 நாட்களில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி தராவிட்டாலும், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. இணையப் பண மோசடிகளுக்கான 1930 என்ற தொலைபேசி எண்ணிலும் புகார் பதிந்து, அங்கே தரும் புகார் எண்ணைக் கடிதத்தில் குறிப்பிடுங்கள்.

இதற்கெல்லாம் முன்பு, இன்றைக்கே அப்பாவின் ரேகையைப் பூட்டிவிடுங்கள். ஆதார் ஆணையத்தின் செயலியிலோ இணையதளத்திலோ உங்கள் செல்போனிலிருந்தே செய்யலாம். ஓடிபி மட்டும் அப்பாவின் ஆதாரில் பதிந்த எண்ணுக்கு வரும், அது பட்டன் போனாக இருந்தாலும் போதும். எண்ணே பதியவில்லை என்றால் முதலில் ஆதார் மையத்துக்குத்தான் போக வேண்டும். பூட்டிய பிறகு ரேஷன் கடைக் கருவியில் அப்பா விரல் வைத்தால் ஏற்காது, அதற்காகக் கடைக்காரரைத் திட்டாதீர்கள். அட்டையில் பெயருள்ள வேறொருவர் விரல் வைக்கலாம், அல்லது அதே செயலியில் தற்காலிகமாகத் திறக்கலாம், சிறிது நேரத்தில் அது தானாகப் பூட்டிக்கொள்ளும். ஆதார் கடந்த ஆறு மாதங்களில் எங்கெல்லாம் சரிபார்க்கப்பட்டது என்ற பட்டியலும் அங்கேயே கிடைக்கும். அதை அச்செடுத்துக் கடிதத்தோடு இணையுங்கள்.

வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்தேன். சிபில் அறிக்கையில், கடன் செயலி ஒன்றின் மூலம் நான் 38,000 ரூபாய் வாங்கித் திருப்பிக் கட்டவில்லை என்று இருக்கிறதாம். அந்தச் செயலியின் பெயரையே நான் கேள்விப்பட்டதில்லை. "அதைக் கட்டி முடித்துவிட்டு வாருங்கள், உடனே வீட்டுக் கடன் தருகிறோம்" என்கிறார் வங்கி அதிகாரி. கட்டிவிடலாமா?
— வாசகர், ஈரோடு

கட்டாதீர்கள். அந்த அதிகாரிக்கு மாதக் கடைசிக்குள் உங்கள் கோப்பை முடிக்க வேண்டிய அவசரம். நீங்கள் ஒரு ரூபாய் கட்டினாலும் கடன் உங்களுடையது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். பேரம் பேசிக் குறைத்துக் கட்டினால் "செட்டில்டு" என்ற சொல் அறிக்கையில் ஏறும். அடுத்த முறை வேறொரு வங்கி அதைப் பார்த்து முகத்தைச் சுளிக்கும்.

நம் நாட்டில் கடன் தகவல் நிறுவனங்கள் நான்கு: சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க். ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்ற விதி 2017 ஜனவரியிலிருந்து இருக்கிறது. நான்கையும் வாங்குங்கள். திருடியவன் ஒரே கடனோடு நிறுத்தியிருப்பான் என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை. அறிக்கையில் கடன் கொடுத்த நிதி நிறுவனத்தின் பெயர் இருக்கும். செயலி வெறும் முகப்புதான், பணம் கொடுப்பது பின்னால் இருக்கும் நிறுவனம். புகாரை அந்த நிறுவனத்துக்கும் கடன் தகவல் நிறுவனத்துக்கும் ஒரே நாளில் அனுப்புங்கள்.

நிதி நிறுவனத்திடம் நீங்கள் விடாப்பிடியாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: கடன் தொகையை எந்த வங்கிக் கணக்கில் வரவு வைத்தீர்கள்? அந்தக் கணக்கு உங்களுடையதாக இருக்காது. விண்ணப்பத்தில் கொடுத்த செல்போன் எண்ணும் உங்களுடையதாக இருக்காது, செல்பி எடுத்திருந்தால் முகமும் வேறாக இருக்கும். இந்த மூன்றையும் எழுத்தில் கேட்டாலே பல நிறுவனங்கள் இறங்கிவந்துவிடும். ஏனென்றால் சரிபார்க்காமல் கடன் கொடுத்தது அவர்கள் குற்றம்.

புகார் கொடுத்த 30 நாட்களுக்குள் திருத்தாவிட்டால், அதன் பிறகு ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. தொகை சிறியதுதான். ஆனால் கடிதத்தில் அந்த வரியைச் சேர்த்துப் பாருங்கள், பதில் வரும் வேகம் மாறும். சைபர் குற்றப் பிரிவிலும் புகார் கொடுங்கள். பிறருடைய அடையாளத்தைத் திருடிப் பயன்படுத்தினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. வசூல் ஆட்கள் போன் செய்தால் புகார் எண்ணைச் சொல்லி வைத்துவிடுங்கள். விளக்கம் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள், அவர்கள் கேட்பதற்குப் பேசுவதில்லை.

"இன்று இரவு 9.30 மணிக்கு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும், உடனே கூப்பிடுங்கள்" என்று ஒரு செல்போன் எண்ணோடு எஸ்எம்எஸ் வருகிறது. பில் கட்டியாகிவிட்டது. என்ன செய்வது?
— வாசகி, விருதுநகர்

சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள். மின்வாரியம் தனி ஆளின் பத்து இலக்க எண்ணைக் கொடுத்துக் கூப்பிடச் சொல்லாது. அந்த எண்ணுக்குப் பேசினால், திரையைப் பார்க்கும் செயலி ஒன்றை இறக்கச் சொல்லிப் பத்து ரூபாய் கட்டச் சொல்வார்கள். அந்தப் பத்து ரூபாயைக் கட்டும்போது நீங்கள் தட்டும் ரகசிய எண்தான் அவர்களுக்கு வேண்டும்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியன் நான். மும்பை போலீஸ் என்று வீடியோவில் வந்தவர்கள், என் ஆதாரில் வாங்கிய சிம் கருப்புப் பண வழக்கில் சிக்கியிருப்பதாகச் சொன்னார்கள். இரண்டு நாட்கள் போனை வைக்கவே விடவில்லை. வைப்புத் தொகையை முறித்து 11 லட்சம் ரூபாய் அனுப்பிவிட்டேன். "விசாரணை முடிந்ததும் திரும்ப வரும்" என்றார்கள். நான்கு நாட்கள் ஆகிவிட்டன. பிள்ளைகளுக்கு இன்னும் சொல்லவில்லை. வெட்கமாக இருக்கிறது.
— வாசகர், தஞ்சாவூர்

ஐயா, இதழ் அச்சாகும் வரை காத்திருக்க முடியாது என்பதால் கடிதம் கிடைத்த அன்றே உங்களோடு பேசிவிட்டேன், நீங்களும் புகார் பதிந்துவிட்டீர்கள். உங்கள் அனுமதியோடு மற்றவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

வீடியோ வழியாகக் கைது செய்யும் அதிகாரம் இந்தியாவில் எந்தப் போலீசுக்கும் கிடையாது. 2024 அக்டோபர் 27-ஆம் தேதி வானொலி உரையில் பிரதமரே இதைச் சொல்ல வேண்டியதாயிற்று. அதே ஆண்டு வர்த்மான் ஜவுளிக் குழுமத்தின் தலைவர் எஸ்.பி. ஓஸ்வாலிடம், உச்ச நீதிமன்ற விசாரணை என்று வீடியோவில் நாடகம் நடத்தி 7 கோடி ரூபாய் பறித்தார்கள். அவரைச் சுற்றி ஆடிட்டர்களுக்கும் வக்கீல்களுக்கும் குறைவா? புகார் கொடுத்ததால் அதில் ஐந்து கோடிக்கு மேல் மீட்க முடிந்தது. வெட்கத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளி வைத்துக்கொள்ளலாம் என்று உங்களிடம் சொன்னது இதனால்தான்.

இப்போது 1930 என்ற எண்ணில் இயங்கும் புகார் ஏற்பாடு 2021-இல் வேறொரு எண்ணோடு தொடங்கியது. பணம் போன கணக்கு எண், தொகை, நேரம், பரிவர்த்தனை எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டும். அனுப்பிய பணம் முதல் கணக்கில் தங்காது. நிமிடங்களில் பல கணக்குகளுக்குச் சிதறி ஏதாவது ஒரு ஏடிஎம்மில் வெளியேறும். புகார் பதிந்ததும் சங்கிலியில் இருக்கும் வங்கிகளுக்கெல்லாம் தகவல் போய், எங்கே மிச்சம் இருக்கிறதோ அங்கே நிறுத்திவைப்பார்கள். முதல் ஒரு மணி நேரத்தில் பேசுகிறவருக்கு வாய்ப்பு அதிகம். நான்காம் நாளிலும் பேசலாம், ஏதாவது ஒரு கணக்கில் கொஞ்சம் தேங்கியிருக்கக்கூடும். நிறுத்தப்பட்ட தொகையை நீதிமன்ற உத்தரவு பெற்றுத் திரும்ப வாங்கலாம். தென்காசி வாசகிக்குச் சொன்ன 2017 சுற்றறிக்கை உங்களுக்கு உதவுவது கடினம். நீங்களே கையெழுத்திட்டு அனுப்பிய பணம் என்று வங்கி சொல்லும், அந்த வாதத்தில் பொய்யும் இல்லை.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் உறுத்திய இடம் வேறு. கிளைக்குப் போனபோது சட்டைப் பையில் போன் இணைப்பிலேயே இருந்தது என்றும், கேட்டால் மகளுக்கு வீடு வாங்க என்று சொல்லும்படி அவர்கள் கட்டளையிட்டிருந்தார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். கிளையில் யாரும் எதுவும் கேட்கவில்லை. வயதான ஒருவர் முதிர்வுக்கு முன்பே வைப்பை முறித்து, முன்பின் பணம் அனுப்பாத கணக்குக்கு, வேறு மாநிலத்துக்கு, மொத்தத் தொகையையும் அனுப்பச் சொல்கிறார். அவரை உள்ளே அழைத்து, ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்து, போனை மேசையில் வைக்கச் சொல்லிவிட்டு இரண்டு கேள்வி கேட்பதற்கு எந்தச் சுற்றறிக்கையும் வேண்டியதில்லை. என் பழைய சகாக்கள் இந்தப் பக்கத்தைப் படிக்கிறார்கள் என்று தெரியும், அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

இன்னொரு எச்சரிக்கை. போன பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள் என்று இனிமேல் உங்களுக்கு அழைப்புகள் வரும். ஏமாந்தவர்களின் பட்டியலும் விற்கப்படுகிறது.

என் மகன் கல்லூரி இரண்டாம் ஆண்டு. நண்பன் கேட்டான் என்று தன் வங்கிக் கணக்கையும் ஏடிஎம் கார்டையும் சிம்மையும் மாதம் 5,000 ரூபாய்க்குக் கொடுத்திருக்கிறான். இப்போது கணக்கு முடக்கப்பட்டு, வேறு மாநிலப் போலீசிடமிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. அவன் அப்பாவி மேடம்.
— வாசகி, கோயம்புத்தூர்

அம்மா, உங்கள் வேதனை புரிகிறது. ஆனாலும் சொல்கிறேன். மேலே எழுதியிருக்கும் தலைமையாசிரியரின் பணம் சிதறிப் போன கணக்குகளில் ஒன்று உங்கள் மகனுடையதைப் போன்ற கணக்காகத்தான் இருக்கும். திருட்டுப் பணத்தைச் சுமந்து கடத்தும் இதை வங்கி வட்டாரத்தில் மியூல் கணக்கு என்போம். சும்மா இருக்கும் கணக்குக்கு ஒருவன் மாதம் ஐயாயிரம் கொடுக்கிறான் என்றால் எதற்கு என்று இருபது வயதுப் பையன் யோசித்திருக்க வேண்டாமா? போலீசும் இதையேதான் கேட்கும்.

நோட்டீசைப் பீரோவில் வைத்துப் பூட்டாதீர்கள். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35(3) பிரிவின் கீழ் வந்த நோட்டீஸ் என்றால், அதற்கு இணங்கி ஆஜராகிறவரைப் பொதுவாகக் கைது செய்யக் கூடாது, அலட்சியம் செய்தால் கைது செய்யலாம். குற்றவியல் வக்கீல் ஒருவரை இன்றே பாருங்கள். நண்பனோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடல்களைப் பயத்தில் அழித்துவிட வேண்டாம் என்று மகனிடம் சொல்லுங்கள். யார் கேட்டது, யாரிடம் கொடுத்தது என்பதற்கு அவனிடம் இருக்கும் ஒரே ஆதாரம் அது. சிம்மை உடனே முடக்குங்கள். முடக்கம் எந்தக் காவல் நிலையத்தின், எந்தப் புகார் எண்ணின் பேரில் வந்தது என்று வங்கியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மாவட்ட சைபர் குற்றக் காவல் நிலையத்தில், வக்கீலோடு போய், நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுங்கள். பணம் கொடுத்தால் முடக்கத்தை நீக்கித் தருகிறேன் என்று எவனாவது வந்தால் வாசலோடு அனுப்புங்கள்.

தங்கும் விடுதி, செல்போன் கடை, வாடகை வீடு என எல்லா இடத்திலும் ஆதார் ஜெராக்ஸ் கேட்கிறார்கள். கொடுக்கலாமா, கூடாதா?
— வாசகர், காஞ்சிபுரம்

2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், நகலைக் கண்டவரிடம் கொடுக்காதீர்கள் என்று அறிக்கை விட்டது. இரண்டே நாளில் அதைத் திரும்பப் பெற்று, வழக்கமான எச்சரிக்கையோடு நடந்துகொண்டால் போதும் என்றார்கள். எனக்கு முதல் அறிக்கையே பிடித்திருந்தது.

விடுதிக்கு மறைக்கப்பட்ட ஆதார் போதும். ஆணையத்தின் தளத்தில் இறக்கிக்கொள்ளலாம், கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும். ஓட்டுநர் உரிமத்தைக் காட்டினாலும் ஏற்பார்கள். நகல் கொடுத்தே ஆக வேண்டிய இடத்தில், எதற்காக, யாருக்கு, என்ன தேதி என்று அதன் மேலேயே எழுதிக் கையெழுத்திடுங்கள். அடியில் வெற்றிடத்தில் எழுதினால் மடித்து வைத்து மறு நகல் எடுத்துவிடுவார்கள். எழுத்துகள் படத்தின் ஓரத்தையும் முகவரியையும் குறுக்கே தொட்டுப் போக வேண்டும், எண்கள் படிக்கிற அளவுக்குத் தெரிந்தால் போதும். கறுப்பு மையைவிட நீல மை நல்லது, அசலா நகலா என்று பார்த்தவுடன் தெரியும்.

ஜெராக்ஸ் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி அச்செடுக்கிறவர்கள், அந்தக் கடையின் கணினியில் ஊர்ப்பட்ட ஆதாரும் பான் கார்டும் குவிந்து கிடப்பதைக் கவனித்திருப்பீர்கள். அச்செடுத்ததும் உங்கள் கண் முன்னாலேயே அழிக்கச் சொல்லுங்கள், நல்ல கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். பான் எண்ணையும் இதே கவனத்தோடு பாருங்கள். கூலி வேலை செய்கிறவருக்குக் கோடிக்கணக்கில் ஜிஎஸ்டி பாக்கி என்று நோட்டீஸ் வந்த செய்திகளைப் படித்திருப்பீர்கள். ஜிஎஸ்டி தளத்தில் பான் எண்ணைப் போட்டுத் தேடினால், உங்கள் பெயரில் யாராவது கம்பெனி நடத்துகிறார்களா என்பது தெரிந்துவிடும்.

என் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று பார்க்க வழி உண்டா?
— வாசகி, நாகர்கோவில்

உண்டு. மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் எண்ணைப் போட்டு ஓடிபி கொடுத்தால் பட்டியல் வரும். தமிழ்நாட்டில் ஒருவர் பெயரில் ஒன்பது இணைப்புகள் வரை இருக்கலாம். உங்களுடையது இல்லாத எண்ணுக்கு எதிரே "என் எண் இல்லை" என்பதையும், தேவையில்லாததற்கு "வேண்டாம்" என்பதையும் தேர்ந்தெடுங்கள். பேரனுக்கோ வீட்டு வேலைக்கு வருகிறவருக்கோ நீங்களே வாங்கிக் கொடுத்த சிம் அதில் இருக்கும், அவசரத்தில் அதை வெட்டிவிடாதீர்கள். உங்கள் போனில் காரணமில்லாமல் நெடுநேரம் சிக்னல் இல்லாமல் போனால் மட்டும் இந்தத் தளத்துக்காகக் காத்திருக்காமல், வேறொரு போனிலிருந்து முதலில் வங்கியையும் அடுத்து செல்போன் நிறுவனத்தையும் கூப்பிடுங்கள். உங்கள் எண்ணுக்கு வேறு யாரோ மாற்று சிம் வாங்கியிருக்கலாம்.